நாடி நடிக்காது

காகித உருளைகளை அடுக்கி வைக்கிற அந்தக் கோடவுனில் மேனேஜருக்குப் பயப்படாதவன்கூட எக்ஸ்ரே அக்காவுக்குப் பயப்படுவான். மேனேஜரிடம் ஒரு பொய்யைச் சொல்லி, ஒரு கும்பிடு போட்டுத் தப்பிவிடலாம். முதலுதவி அறையில் உட்கார்ந்திருக்கும் இவளிடம் அந்தப் பருப்பு வேகாது. பெரிய லோடு இறங்குகிற நாளாகப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவன், இடுப்பைத் தாங்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து வருகிறவன், தலை சுற்றுகிறது என்று சுவரைத் தடவிக்கொண்டு வருகிறவன், எல்லோரையும் ஏற இறங்கப் பார்ப்பாள். "எந்தப் பக்கம் வலிக்குது?" என்று கேட்பாள். அப்புறம் பிள்ளைகள் படிப்பு, வீட்டுத் தண்ணீர்க் குழாய் என்று ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, "எந்தப் பக்கம்னு சொன்னே?" என்பாள். பாதிப் பேருக்கு அதற்குள் வலி பக்கம் மாறியிருக்கும்.

மீதிப் பேருக்கு ஜன்னல் இருந்தது. அறைக்கும் வெளி நடைக்கும் நடுவே ஒரு கண்ணாடி ஜன்னல். "கொஞ்சம் உட்காரு, மாத்திரை எடுத்துட்டு வர்றேன்" என்று வெளியே போவாள். நடையில் ஒரு இரும்பு அலமாரி நிற்கும். அதன் மறைவில் நின்று அந்தக் கண்ணாடி வழியே பார்ப்பாள். நடிக்கிறவன் ஆள் போனதும் முனகலை நிறுத்திவிடுவான். காதைக் குடைவான், போனை எடுப்பான். ஒருத்தன் எழுந்து எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்று கவலைப்பட்டான். உண்மையாகவே வலிக்கிறவன், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முனகிக்கொண்டேதான் இருப்பான். இது அவளாகக் கண்டுபிடித்த பரிசோதனை, எந்த முதலுதவி வகுப்பிலும் சொல்லித் தந்ததல்ல.

வகுப்பில் சொல்லித் தந்ததையும் அவள் மறந்தவள் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். உருளைகளைக் கட்டும் இரும்புப் பட்டை அறுந்து ஒருத்தன் முன்கையைக் கிழித்தபோது, சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக் குதித்தார்கள். இவள் மண்டியிட்டு, துணியை மடித்து வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள். துணி நனைந்தபோது அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கவில்லை. அவன் இன்றைக்கும் அந்தக் கையால்தான் அவளுக்குக் கும்பிடு போடுகிறான்.

ஆனால் சந்தேகம் என்பது தீராத வியாதி. வேலைக்கு உதவுகிறதே என்று வளர்த்தால் வீட்டுக்கும் கூடவே வரும். "வாயைப் பாக்காதே, கையைப் பாரு. பொய் சொல்றவங்க கை சும்மா இருக்காது" என்று பெற்ற பெண்ணுக்கே சொல்லிக் கொடுத்திருந்தாள். பெண் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

புருஷனுக்கும் அதே கோடவுனில்தான் வேலை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவருடைய உயிர்ச் சிநேகிதன் மொட்டையும் அதே வண்டி ஓட்டியவன்தான். அந்த வண்டிக்கு ஒரு சட்டம் உண்டு: தூக்கிய லோடைத் தரையில் இறக்காமல் ஆள் கீழே இறங்கக் கூடாது. மொட்டை ஒரு நாள் இறங்கினான், பாதத்தில் அடி வாங்கினான், கல் விழுந்துவிட்டது என்று இவளிடம் வந்து சாதித்தான். "இதோ பாரு, உள்ளதைச் சொல்லு. நான் மேல சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். அவனும் நம்பி உள்ளதைச் சொன்னான். அன்று சாயந்தரமே அவள் மேனேஜரிடம் சொல்லிவிட்டாள். மொட்டையை வண்டியிலிருந்து இறக்கிப் பெருக்குகிற வேலையில் போட்டார்கள். ரோஷக்காரன், வேலையை விட்டே நின்றுகொண்டான்.

"நாளைக்கு ஒருத்தன் செத்துப்போனா யார் பதில் சொல்றது?" என்று அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. புருஷன் ஒன்றும் சண்டை போடவில்லை. "நல்லா இருக்கு உன் எக்ஸ்ரே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு கோடவுனில் அவள் தலை தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். வாயை மூடவே தெரியாததால் ஊமை என்று பேர் வாங்கிய லோடுமேன் ஒருத்தன் இருந்தான். அவனே அவளைக் கண்டால் கொட்டாவி விடுவதுபோல் வாயைக் கையால் மூடிக்கொள்வான்.

இந்தக் கதை நடந்த வாரம் வீட்டில் வேறு ஒரு பனிப்போர். அவளுடைய அப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் முடிந்திருந்தது, சில நாள் இவர்களோடு இருக்க வருகிறார். "உங்கப்பா வந்தா ரிமோட் என் கைக்கு வராது" என்று புருஷன் ஏதோ வாய் தவறிச் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. எங்கப்பா என்றால் இளக்காரமா, உங்கம்மா வந்தபோது நான் முகம் சுளித்தேனா என்று ஆரம்பித்து, கடைசியில் பேச்சே நின்றுபோனது. ஒரே அறையில் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்துகொண்டு, "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று பெண் மூலமாகத் தூது போனது. தூது போன பெண், "எனக்கு வேற வேலையில்லையா?" என்று அலுத்துக்கொண்டாள்.

மாமனார் வரும் நாளும் வந்தது. ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவரை அழைத்து வரவேண்டியது மாப்பிள்ளை பொறுப்பு. மத்தியானச் சாப்பாடு முடிந்து மெஷின்கள் மறுபடி இரைய ஆரம்பித்தபோது, மாப்பிள்ளை முதலுதவி அறைக் கதவில் வந்து நின்றார்.

"இடது தோள் வலிக்குது. வீட்டுக்குப் போகணும்."

வா என்றுகூடச் சொல்லவில்லை அவள். எழுந்திருக்கவும் இல்லை. எந்தத் தோள், எந்த நாள்! மாமனார் வருகிற அன்றைக்கு என்று பார்த்து ஒரு தோளுக்கு வலி வருமா? சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று அவளுக்கு அப்போதே தோன்றிவிட்டது.

"கையைத் தூக்குங்க" என்றாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

தூக்கினார். காது வரைக்கும் நன்றாகவே போயிற்று.

"எங்கே இடிச்சீங்க?"

"இடிக்கல. சும்மா வலிக்குது."

"சும்மா."

அவர் கண் ஒரு தடவை கதவுப் பக்கம் போய் வந்தது. அவள் அதைப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது, மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. அதையும் பார்த்தாள். கை சட்டை ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தது. கையைப் பாரு, கையைப் பாரு என்று அவள் மனசு குதித்தது.

"படுத்துக்குங்க" என்று பெஞ்சைக் காட்டினாள்.

படுத்தவர் உடனே முனகிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "படுத்தா தோள் இன்னும் அதிகமா வலிக்குது."

"படுத்தா வலிக்கிற தோளா! நல்ல வியாதிதான்."

"வாய் காயுது. கொஞ்சம் தண்ணி..."

"அதோ இருக்கு, எடுத்துக்குங்க."

தண்ணீர்ப் பாட்டில் நாலு எட்டு தூரத்தில் மூலை ஸ்டூல் மேல் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், எழுந்து போகவில்லை. ஓஹோ, நான் எழுந்து வந்து கையில் கொடுக்க வேண்டுமாக்கும், அந்த ராஜ உபசாரம் வேறா என்று அவளுக்குச் சுரீரென்றது.

பொய் சொல்கிறார் என்று அவள் கண்டுபிடித்தாளே, அது நூற்றுக்கு நூறு சரி. என்ன பொய் என்பதில்தான் கோட்டை விட்டாள். அந்த மனுஷனுக்கு உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நிமிஷமும் உயிர் கொஞ்சம் கொஞ்சமாக வயிற்றுக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. வெளிறிய முகம், வேர்வை, தாகம், நிலைகொள்ளாத கை, இதெல்லாம் வகுப்பில் அவள் நெட்டுருப் போட்ட பாடம். கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் குற்றவாளிக்கும் இதே அடையாளம்தானே? அவள் தேடியது குற்றவாளியை. கிடைத்தான்.

வேறு யார் வந்தாலும் முதலில் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பாள். கை தானாகவே போய்விடும். இன்றைக்குப் போகவில்லை. பேசாத புருஷனை நானாகப் போய்த் தொடுவதா என்ற வீம்பு, வேறொன்றும் இல்லை.

"உட்காருங்க. மாத்திரை எடுத்துட்டு வர்றேன்" என்று வெளியே வந்து, அலமாரி மறைவில் நின்றாள்.

கண்ணாடி வழியே பார்த்தாள். அவர் வாசலைப் பார்த்தார். அப்புறம் தலையைச் சுவரில் சாய்த்தார். முனகல் நின்றுபோனது. கை சட்டையை விட்டுவிட்டு மடியில் விழுந்தது. கண் பாதி மூடி, ஏதோ அசதியில் குட்டித் தூக்கம் போடுகிறவர் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

"அகப்பட்டீங்களா!" என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

வயிறெரிந்தது அவளுக்கு. என்னிடமேவா, இந்த ஜன்னலைப் பற்றி வீட்டில் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன், அதுகூட ஞாபகம் இல்லாமல் நடிக்கிறாரே என்று கோபம் கோபமாக வந்தது. இருக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும் என்று கேன்டீனுக்குப் போய் ஒரு டீ வாங்கினாள். ஆற அமர ஊதி ஊதிக் குடித்தாள். அந்த டீயை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள்.

திரும்பி வந்தபோதும் அவர் அப்படியே இருந்தார்.

"எழுந்திரிங்க. கூத்து முடிஞ்சுது. எங்கப்பாவை அழைச்சுட்டு வர இஷ்டமில்லேன்னா வாயைத் திறந்து சொல்லுங்க, நானே போய்க்கிறேன்" என்று சொல்லி, இழுத்து எழுப்ப அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

ஐஸ் மாதிரி இருந்தது கை. சில்லென்று, பிசுபிசுவென்று ஈரமாக. அவள் விரல்கள் பழக்கத்தில் தாமாகவே நாடியைத் தேடின. முதலில் கிடைக்கவில்லை. அப்புறம் கிடைத்தது. நூல் மாதிரி மெல்லிசாக, பிடிபடாத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

முகம் நடிக்கும், முனகல் நடிக்கும், கைகூட நடிக்கும். நாடி நடிக்காது. வகுப்பெடுத்த டாக்டரின் குரல் அந்த நேரம் பார்த்துக் காதில் கேட்டது. கத்துறவனை அப்புறம் பாருங்க, சத்தமில்லாம இருக்கிறவன்கிட்ட முதல்ல ஓடுங்க. தோள்ல அடியில்லாம இடது தோள் வலிக்குதுன்னா வயித்தைப் பாருங்க, உள்ளே ரத்தம் கசிஞ்சா அங்கே போய்த்தான் வலிக்கும்.

சட்டையைத் தூக்கினாள். இடது விலாவுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்குக் கன்றிச் சிவந்து, நடுவில் ஊதா படர்ந்திருந்தது. வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது.

"ஐயோ, பாவி! நான் ஒரு பாவி!" என்றாள். சொல்லும்போதே மேஜை போனில் ஆம்புலன்ஸுக்கு எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள். வயிற்றில் அடி, உள்ளே ரத்தக் கசிவு மாதிரி இருக்கு, நாடி வேகமா, பலவீனமா இருக்கு என்று படபடவென்று சொன்னாள். "எதில் அடிபட்டது?" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நடையில் உருளை வண்டி தள்ளிக்கொண்டு போன ஊமையைக் கத்திக் கூப்பிட்டாள். இரண்டு பேருமாக அவரைத் தரையில் மெதுவாகப் படுக்க வைத்தார்கள். காலுக்குக் கீழே இரண்டு தலையணை, மேலே கம்பளி. "தண்ணி..." என்று அவர் உதடு அசைந்தது. ஊமை பாட்டிலை எடுக்கப் பாய்ந்தான்.

"குடுக்காதே! ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும், ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது" என்று அவன் கையைத் தட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வீம்புக்குக் கொடுக்காத தண்ணீர், இப்போது கொடுக்க மனசு கிடந்து துடிக்கும்போது கொடுக்க முடியாது. நல்ல கூத்து.

அவர் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். "என்னங்க, என்ன நடந்துச்சு? எதுல இடிச்சீங்க? டாக்டருக்குத் தெரியணும்."

"வழுக்கி... விழுந்தேன்."

"விழுந்தா இப்படிக் கன்றாது. உள்ளதைச் சொல்லுங்க. நான் மேல சொல்ல மாட்டேன்."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பேசத் தெம்பில்லாத அந்த நிலையிலும் உதட்டோரம் கோணியது. "மொட்டைகிட்டயும்... இதைத்தான் சொன்னே."

அறைந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவள் ஊமை பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடா. நீ இன்னிக்கு அவர் வரிசையிலதானே இருந்தே?"

"நான் பாக்கலக்கா." அவன் கை தானாக வாய்க்குப் போயிற்று. பேச்சை நிறுத்தத் தெரியாத பயல், குனிந்த தலை நிமிரவில்லை.

"டேய், உங்க அண்ணன் செத்துக்கிட்டு இருக்காருடா!"

"சத்தியமா பாக்கலக்கா."

இப்போதே மேனேஜருக்குப் பேசிவிடுவாளோ என்று அவன் கண் அவள் இடுப்பில் செருகியிருந்த செல்போன் மேலேயே இருந்தது. அவளுக்குப் புரிந்தது. இந்தக் கோடவுனில் தன் சத்தியத்துக்குச் செல்லாக்காசு மதிப்புகூட இல்லை. போனை எடுத்து, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையும் கழற்றி அவன் கையில் திணித்தாள்.

"வெச்சுக்க. நீயா குடுக்கிற வரைக்கும் கேக்க மாட்டேன். உன் கால்ல வேணும்னாலும் விழறேன். எது அவரை இடிச்சுது?"

சொன்னபடியே அவள் கை அவன் காலுக்குப் போனது. அவன் பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தான், அழுதுவிட்டான்.

"உருளை சரிஞ்சுதுக்கா. லோடை இறக்காம அண்ணன் கீழே குதிச்சுக் கையால தாங்கப் போனாரு. உருண்டு வந்து அவரை ரேக்குத் தூணோட வெச்சு நசுக்கிடுச்சு. நாங்க நாலு பேர் தள்ளித்தான் எடுத்தோம். உன்கிட்ட கூட்டிட்டுப் போறோம்னோம், நானே போறேன்னாரு. 'அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கடா, மொட்டைக்கு ஆனதுதான் எனக்கும் ஆகும்'னு எங்க எல்லாரையும் கும்பிட்டாருக்கா."

அவள் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்வரை விடவே இல்லை. வந்தவர்களிடம் உருளை, தூண், இடது விலா, தோள்வலி, தண்ணீர் கொடுக்கவில்லை என்று ஒன்று விடாமல் சொன்னாள். நான் இதைப் பார்த்துவிட்டுப் போய் டீ குடித்தேன் என்பதையும் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வண்டிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

மண்ணீரல் கிழிந்திருந்தது. அதை எடுத்துவிட்டார்கள், நிறைய ரத்தம் ஏற்றினார்கள். வெளியே வந்த டாக்டர், "நசுங்கினதுன்னு முன்னாடியே தெரிஞ்சதால நேரா தியேட்டருக்குக் கொண்டுபோக முடிஞ்சுது. முதலுதவி பண்ணது நீங்களா? நல்லாக் கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவள் அப்பாவை அழைத்து வந்தவன் ஊமைதான். கறுப்புக் கண்ணாடியோடு ஆஸ்பத்திரி நடையில் வந்து உட்கார்ந்த பெரியவர் கேட்டார்: "மாப்பிள்ளை காலையிலகூடப் பேசினாரேம்மா. ஜன்னலோரமா உட்காராதீங்க மாமா, கண்ணுல தூசி படும், பஸ் நிக்கிற இடத்துக்கே வந்துடறேன்னாரு. அதுக்குள்ள என்னம்மா ஆச்சு?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். வெட்கமில்லாமல், சத்தம் போட்டே அழுதாள்.

மறுநாள் அவரைப் பார்க்க உள்ளே விட்டார்கள். மூக்கில் குழாய், கையில் குழாய். உதடு காய்ந்து வெடித்திருந்தது. தண்ணீர் கேட்டார். இன்னும் கொடுக்கக் கூடாது, பஞ்சை நனைத்து உதட்டில் வையுங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அவள் பஞ்சை நனைத்து ஒற்றினாள்.

"தோள் வலிக்குதா?"

அவர் மேலே பார்த்தபடியே, "மேல சொல்லிட்டியா?" என்று கேட்டார்.

உயிர் திரும்பி வந்த மனுஷன் கேட்கிற முதல் கேள்வி. அவள் போன் இன்னும் ஊமையிடம்தான் இருந்தது. மேனேஜர் ஆளனுப்பிக் கேட்டபோதுகூட, அந்த வரிசைக்குள்ள யாரையும் போக விடாதீங்க என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை அவள்.

"இல்லைங்க" என்றாள். "சத்தியமா சொல்லல."

அவர் அவள் வாயைப் பார்க்கவில்லை. மெதுவாகக் கண்ணைத் தாழ்த்தி அவள் கையைப் பார்த்தார். கை சும்மா இல்லை. பஞ்சைத் திருகித் திருகியதில், தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது.

"பொய் சொல்றே" என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.